ஒன்றரை மடங்கு

டுலூத் கல்லூரியில், நூலகத்துக்கும் கீழே,
கொதிகலன் அறைக்கு அடுத்த கதவு.
பதினோரு வருஷமாக இங்கேதான்
நேரம் அளந்து கொடுக்கிறேன்.
மேலே ஐம்பது நிமிடம் என்றால்
என்னிடம் எழுபத்தைந்து.
இதற்கு முன் ஓட்டியது பள்ளிப் பேருந்து;
அங்கே யாருக்கும் அரை நிமிடம் தந்ததில்லை.

சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டிருக்கிறேன்.
அதன் டிக்டிக் இங்கே பலருக்கு ஆகாது.
கிண்ணத்தில் ஆரஞ்சு நிறக் காதடைப்பான்கள்;
மிட்டாய் என்று ஒருத்தி வாயில் போட்டுக்கொண்டாள், போன வசந்தத்தில்.

கார்பின் நியேமி வந்தது செவ்வாய்க்கிழமை, நாலே முக்கால்.
ஒரு காலணிக்கு மட்டும் நாடா கட்டியிருந்தான்.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் கவனக்குறைபாடு,
கீழே பேராசிரியர் ஹால்வர்சன் கையெழுத்து,
அதன்மேல் காபிக் கோப்பையின் வட்டம்.
தேர்வு அடுத்த திங்கள்.
ஏழு நாளுக்கு முன் தர வேண்டும் என்பது விதி.
விரல் விட்டு எண்ணினேன். ஆறு.

அந்த விதியை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார்,
அவர் மேசையில் பேனாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்.
மறதிக்குச் சலுகை வேண்டுமா,
மறக்காமல் வந்து கேள்.
சாய்தளம் கேட்டு மனுக் கொடுக்க
மூன்றாம் மாடிக்குப் படியேறச் சொல்வதுபோல.

"ஞாயிற்றுக்கிழமை நினைவிருந்தது.
நேற்றுக் காலையிலும் இருந்தது.
உள்ளங்கையில் எழுதிக்கூட வைத்தேன்.
அப்புறம் கை கழுவிவிட்டேன்."
சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை.

அறைத்தோழன் சொல்வானாம்:
உனக்கென்னடா, ஓசி நேரம்.

முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.
எதிரே உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது:
ஒரே கேள்வியை நாலு முறை படிக்கிறார்கள்.
முதல் முறை, குழாயில் நீர் ஓடும் சத்தம்.
இரண்டாம் முறை, என் ஸ்வெட்டரின் அறுந்த பொத்தான்.
மூன்றாம் முறை, இது மூன்றாம் முறை என்ற பயம்.
நாலாவதில்தான் கேள்வி கண்ணுக்கு வருகிறது.
இருபத்தைந்து நிமிடமும் போவது இந்த வழியில்தான்.
அதை வைத்து யாரும் மேதையாகி நான் பார்க்கவில்லை.

தேதி முத்திரையின் சக்கரத்தில் ரப்பர் பற்கள்.
கட்டைவிரலால் ஒரு பல் பின்னுக்குத் தள்ளினேன்.
ஊதா மையில் திங்கட்கிழமையின் தேதி விழுந்தது.
அவன் கவனிக்கவில்லை;
சன்னலே இல்லாத அறையில்
சன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேர்வன்று பனி. ஏரிக் காற்று.
தாது ஏற்ற வந்த கப்பல் ஒன்று
தூக்குப்பாலத்தைக் கூப்பிட்டது, நீளமாக.
குன்றேறி, காற்றுத்துளை வழியாக, இந்த அறைக்குள்ளும் வந்தது அது.
கார்பின் தலை நிமிர்ந்தது.
பாலம் பதில் சொன்னது.
பென்சில் அந்தரத்தில் நின்றது.
என் கைக்கடிகாரத்தில் நாலு நிமிடம்;
கப்பலோடு எதுவரை போனானோ.
தட்டிக் கூப்பிடக் கூடாது என்பதும் விதி.
இதை நான் மீறவில்லை.
தானாகவே வந்து சேர்ந்தான்,
வெப்ப இயக்கவியல், ஆறாம் கேள்விக்கு.

எழுபத்தொன்றாம் நிமிடம் தாளைத் தந்தான்.
படிவத்தின் நகலைக் கிழித்து அவனிடம் கொடுத்தேன்.
போனான், பையை எடுக்கத் திரும்பி வந்தான்.
போனான், கையுறைக்கு வந்தான், வலதை மட்டும் எடுத்தான்.
மூன்றாம் முறை கதவு திறந்தபோது
இடது கையுறையை நீட்டியபடி நின்றிருந்தேன்.

அதற்கில்லை மிஸஸ் ஓயாலா, என்றான்,
நகலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு.
திங்கட்கிழமை நான் வரவில்லையே?

அப்படியா, என்றேன்.
எனக்கு நினைவில்லை.

கொஞ்ச நேரம் நின்றான்.
கையுறையை வாங்காமலே போய்விட்டான்.
இழுப்பறையில் கிடக்கிறது, கடிகாரத்தின் மேல்.